கம்பளி நூல்

கண்ணாடிக்கு வெளியே, நடுக்கோட்டில்
ஒரு சாண் கம்பளி நூல்.
பழையது அறுந்துபோனதால்
மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் மயிர் கத்தரித்த அன்று
சன்னாசி திரித்துக் கொடுத்தார்.
முறுக்கு சரியில்லை. மழை பட்டால் ஆட்டு வாடை.
காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று
இந்த எந்திரத்தில் பொய் சொல்லாத ஒரே கருவி
அதுதான் என்கிறாள் பெனிட்டா.

என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
புளிப்பு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுத்தான்
எதையும் சொல்வாள்.
‘கவுஞ்சிப் பக்கம் மேகம் ஏறுது.
அதுக்குள்ள நாலு தடவை விழுந்துடலாம்.’

புல்வெளிக்கு மேலே ஆயிரம் அடி.
புல்வெளியே ஆறாயிரம் அடிக்கு மேலே.
இங்கே காற்று, தண்ணீர் கலந்த பால்.

த்ராட்டிலை மூடினேன்.
விழுகிற எவனுக்கும்
கையை மேலே இழுக்கத்தான் தோன்றும்.
இங்கே இடது கை நெம்புகோலை
அடிமட்டத்துக்கு அழுத்த வேண்டும், ஒரு நொடிக்குள்.
முதல் தடவை என் கை யோசித்தது.
ஹார்ன் அலறியபோது
அவள் கை எனக்கு முன்னால் போயிருந்தது.

வத்தலக்குண்டு மலைப்பாதையில்
பதினோரு வருடம் வேன் ஓட்டிய கால் எனக்கு.
பயந்தால் பிரேக்கைத் தேடும்.
இங்கே அந்த இடத்துப் பெடலை மிதித்தால்
வால்தான் திரும்பும்.
திரும்பியது, இரண்டாம் தடவை.
வேனை விற்ற பணத்தில்தான் பறக்கிறேன்.
நாலு சக்கரமும் போன மாதமே தீர்ந்தன;
இப்போது கரைவது
கடைசி வரிசை, ஜன்னலோர சீட்டு.

மூன்றாவது.
நெம்புகோல் கீழே. மூக்கை மெல்ல உயர்த்தி
வேகத்தையும் விட்டுக்கொடுத்தேன்.
அறுபது. நாற்பது.
முப்பதுக்குக் கீழே முள்ளுக்கே
தன் சொல்லில் நம்பிக்கையில்லை.
கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த நூல்
தளர்ந்தது, இடப்பக்கம் புரண்டது,
பிறகு எழுந்து நின்றது.
காற்று இப்போது காலடியிலிருந்து.
சத்தம் குறைந்துவிட்டது; பயம் அதில்தான்.
தூரத்துப் பூண்டு வயல்கள்
படிப்படியாக மேலே ஏறிப் போயின.
நாங்கள் எங்கும் போகவில்லை,
கீழே தவிர.

நியூட்ரலில் இறக்குவது எனக்குப் புதிதில்லை.
டீசல் மிச்சம் பிடிக்க
ஊத்து வளைவுகளில் எத்தனை இரவு.
அங்கே சரிவு சக்கரத்தைச் சுற்றியது;
இங்கே விழுவதே இறக்கையைச் சுற்றுகிறது.
இதை நோட்டில் எழுதி, அடிக்கோடிட்டு,
பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன்.
வயிறு இன்னும் படிக்கவில்லை.

‘மூக்கைக் கீழே.’
தரைக்குப் பயந்தவன்
தரையைப் பார்த்தே சாய வேண்டும்;
தொலைத்த வேகத்தை
அங்கே மட்டும்தான் விற்கிறார்கள்.
சாய்த்தேன். கண்ணாடி முழுக்கப் புல்.
புல்லில் ஆடுகள்,
பத்து, பதினைந்து, கத்தரித்த வெற்றுடம்போடு.
ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.
பெனிட்டா இன்ஜினைத் திரும்பக் கொடுத்தாள்.
தீயணைப்பு உருளையைப் போட்டுவிட்டு
சன்னாசி குச்சியோடு ஓடுவது தெரிந்தது.
மிட்டாயை விழுங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நாலாவது தடவை
நூல் தளர்ந்தது, எழுந்தது, மறுபடி படுத்தது.
ஐம்பது, அறுபது.
மர உயரத்தில் மூக்கைத் தூக்கு,
மட்டமாக்கு,
இறக்கையில் மிச்சமிருக்கும் சுற்றையெல்லாம்
ஒரே இழுப்பில் செலவழி.
மெலிந்த காற்று கடன் தராது.
ஹார்ன் அலறியது. இந்த முறை அலறலாம்.
சறுக்குக் கால்கள் புல்லில் இரண்டு கோடு கிழிக்க,
பல்லோடு பல் மோத,
நின்றோம்.

‘குதிச்சுது,’ என்றாள்.
‘ஆனா அது உங்களோடது.’
கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள்.
நூல் தொங்கியது, வெறும் நூலாக.

இருட்டியபின் பைக்கில் பூம்பாறை இறக்கம்.
பழக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டேன்.
டயர் சத்தம், பூண்டு வாசம், பனி.
வளைவில் ஒரு பஸ் வெளிச்சம் அடிக்க
கால் பிரேக்கை மிதித்தது, சரியாகத்தான்.
இடது கை மட்டும்
தொடையோரம், இல்லாத ஒரு நெம்புகோலை
அழுத்திக்கொண்டே இருந்தது.